ஏழாம் நம்பர் காப்பு

“அவன் இங்கதானுங்க இருக்கான். இந்த ரூமுக்குள்ளயே இருக்கானுங்க” என்றார் வந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

அருண்பாண்டி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். அவனுடைய பழைய செருப்பும், போன வாரம் காணாமல்போன ஸ்டேப்ளரும் கிடந்தன. ஸ்டேப்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“ஆளு இல்லக்கா. ஆனா போன வாரத்துக் கேசு முடிஞ்சிருச்சு.”

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. வந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீர்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து எடை நிறுத்தவள் அவள். சாக்குக்குள் கல்லைப் போட்டு எடையை ஏற்றிக்கொண்டு வருகிறவளை, சாக்கு தராசில் ஏறும் முன்னாலேயே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். எஸ்டேட்டுக்குக் கம்ப்யூட்டர் தராசு வந்ததும் வேலையை விட்டுவிட்டு, குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜிஜோவின் பஞ்சர் கடைக்கு மேல்மாடியில் ‘மாரீஸ்வரி துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டினாள். அருண்பாண்டி அவளுக்கு ஜீப் டிரைவர், உதவியாளன், டீ வாங்கி வருகிறவன். நிலையத்தின் மூளையில் பாதி தன்னுடையது என்பது அவன் எண்ணம். அந்தப் பாதி இன்னும் பிரிக்காத பார்சல் என்பது மாரீஸ்வரியின் எண்ணம்.

“முதல்ல உக்காருங்க. பேரு, ஊரு?”

“ஈஸ்வரமூர்த்திங்க. கொழிஞ்சாம்பாறைக்குக் கெழக்கால ஓடையங்களம். மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவருங்க. கீழ போர்டுல மாரின்னு பேரைப் பாத்தனுங்க. அம்மனே கையப் புடிச்சுக் கூட்டியாந்த மாதிரி இருந்துச்சுங்க அம்மிணி.”

வயது அறுபதை ஒட்டி இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய நீறு, மணிக்கட்டு வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை. நல்ல நிலபுலன் உள்ளவர் என்பது உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். திரையில் வரைபடம். பாலக்காட்டுப் பக்கம் பச்சைப் புள்ளிகள் கொத்தாகக் கிடந்தன. ஒரே ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் அத்தனை மலையையும் தாண்டி வந்து குமுளியில், சரியாக ஜிஜோவின் பஞ்சர் கடைமேல் நின்றது.

“எங்கூர்ல மாரியம்மன் நோம்பி, அதானுங்க திருவிழா, சாட்டியிருக்குதுங்க. பதினஞ்சு நாளு. காப்புக் கட்டினவங்க அது முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவுச்சி தொடக் கூடாது. ஆனா போன வருசம் காப்புக் கட்டினவன்ல பாதிப்பேரு கோயமுத்தூர்ல சினிமாப் பாத்துட்டு இருந்தானுங்க. அதனால இந்த வருசம் நானே ஒரு ஏற்பாடு பண்ணினனுங்க. ஜாமீன்ல வந்தவன் காலுக்கும் கறவை மாட்டுக் கழுத்துக்கும் மாட்டறாங்கள்ல, சேட்டிலைட்டு வளையம்? அதையே காப்பாக் கட்டிட்டோமுங்க. பூசாரியையும் சேத்துப் பதினோரு பேருக்கு ஆளுக்கு ஒண்ணு, கோயில் காளைக் கொம்புக்கு ஒண்ணு. மேல இருந்து பாத்துட்டே இருக்கும். எல்லை தாண்டினா சிவப்பாயிருமுங்க.”

“அம்மனுக்கு ஒத்தாசைக்கு ஆள் போட்டிருக்கீங்க” என்றான் அருண்பாண்டி.

“ஏழாம் நம்பரு கௌசிக்குங்க. எஞ்சினீயருக்குப் படிச்ச பையன். மூணு நாளைக்கு முந்தி எல்லை தாண்டிட்டான். இந்தப் பக்கம் ஆனைக்கரைல இருந்தான். இப்ப இங்க வந்துட்டான்.”

“ஊர்ல கேட்டீங்களா?”

“செயலாளர் கோகுல்நாத் கேட்டு வாட்ஸப்புல போட்டிருக்கானுங்க. பையன் கோயில்லதான் உக்காந்திருக்கான், கண்ணால பாத்தோம்ங்கறாங்க.” ஈஸ்வரமூர்த்தி கையை விரித்தார். “கண்ணு ஏமாறுமுங்க. வானத்துல இருந்து பாக்கறது ஏமாறுமுங்களா? சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம். அவன் காப்பை அறுத்துட்டு, மூணு வருசத்துக்கு அந்த ஊட்டுக் கோயில் வரி வாங்கறதில்லைன்னு முடிவு.”

வரி வாங்கவில்லை என்றால் அந்த ஊரில் அப்படி ஒரு வீடே இல்லை என்று அர்த்தம். எஸ்டேட் லயத்தில் பிறந்த அருண்பாண்டிக்கே அது தெரிந்திருந்தது.

“அதுதான் முடிவாயிருச்சே. அப்புறம் எதுக்கு நான்?” என்றாள் மாரீஸ்வரி.

ஈஸ்வரமூர்த்தி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எனக்கு அவனை நேர்ல புடிச்சாகோணுமுங்க. இங்க என்னத்தைப் பாத்தான், ஊருக்குப் போயி என்ன சொல்லப்போறான்னு எனக்குத் தெரிஞ்சாகோணும்.”

மாரீஸ்வரியின் பேனா நின்றது. பிறகு ஒரு படிவத்தை அவர்முன் தள்ளினாள். குமுளிக்கு வந்தது இன்று காலை என்று நிரப்பி, ‘ஓடையங்களம் மாரியம்மன் கோயில் கமிட்டிக்காக’ என்று எழுதிக் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார்.

கீழே இறங்கியதும் அருண்பாண்டி ஜிஜோவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிரீஸைத் தவிர ஒன்றும் இல்லை.

“எந்தா பாண்டி, கை பார்த்து ஜோசியம் சொல்லத் தொடங்கியோ?”

“உனக்கு எண்ணெய்ல கண்டம் ஜிஜோ. கை கழுவினாத் தப்பிச்சுக்கலாம்.”

மாரீஸ்வரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். “ஆனைக்கரைக்கு விடு பாண்டி. புள்ளி இப்ப எங்க நிக்குதுங்கறதை விட, நேத்து எங்கெங்க நின்னுச்சுங்கறதுதான் எனக்கு வேணும்.”

புள்ளி நின்ற இடமெல்லாம் செல்போனில் நேரத்தோடு பதிவாகியிருந்தது. காலை எட்டு பத்துக்கு ஒரு மெஸ். பதினொன்றுக்கு இன்னொரு மெஸ். ஒன்றேகாலிலிருந்து இரண்டு வரை மூன்றாவது மெஸ். நாலரைக்கு மறுபடியும் அதே மூன்றாவது மெஸ். நடுவில் ஒரு லாட்ஜ், ஒரு மருந்துக்கடை. மலையையோ தேக்கடி ஏரியையோ ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“டூரிஸ்ட் இல்லக்கா. சமையல் போட்டிக்கு ஜட்ஜா வந்திருக்கான்” என்றான் அருண்பாண்டி.

பின்சீட்டில் இருந்த ஈஸ்வரமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறைதான் புள்ளி இடம் மாறும். ஜீப் ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒரு வளைவில் திரும்பும்போது அது மாறியது. செல்போனைப் பார்த்த ஈஸ்வரமூர்த்தி, “ஐயோ, கூடவே வர்றானுங்க!” என்று போட்ட சத்தத்தில் அருண்பாண்டி பிரேக்கை மிதித்தான். சிவப்புப் புள்ளி அதே வளைவில், அவர்கள் தலைமேல் நின்றது.

அருண்பாண்டி இறங்கி ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தான். ஏறிக் கூரையைப் பார்த்தான். ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தான்.  ஆள் இல்லாமல் காப்பு மட்டும் நடமாடுகிறதென்றால், அது துப்பறிகிறவர்கள் பார்க்கிற வேலை இல்லை.

“மூணு நாளா இப்படித்தானுங்க. எனக்குத் தூக்கமே இல்லீங்க. லாட்ஜுல கட்டுலுக்கடியில பாத்தன், பீரோக்குள்ள பாத்தன்…”

“மூணு நாளாவா? இன்னிக்குக் காலையிலதானே வந்தேன்னு படிவத்துல எழுதினீங்க?” என்றாள் மாரீஸ்வரி.

“மனசால மூணு நாளா தேடறனுங்க.”

“அக்கா, எனக்குப் பொறி தட்டிருச்சு” என்றான் அருண்பாண்டி. “அந்தப் பய காப்பைக் கழட்டி இவரு பைக்குள்ள போட்டுட்டான்.”

பையைக் கொட்டினார்கள். இரண்டு வேட்டி, நீறுப் பொட்டலம், பல் குத்துகிற குச்சி ஒரு டப்பா, பாதி காலியான செரிமான மருந்து. காப்பு இல்லை.

“விரதத்துல வயித்துல புண்ணு வந்துருச்சுங்க” என்று மருந்தை அவசரமாக எடுத்து உள்ளே வைத்தார் ஈஸ்வரமூர்த்தி.

“பல்குச்சி?”

“கஞ்சி குடிக்கறனுங்கல்ல…”

கஞ்சி எந்தப் பல்லில் போய்ச் சிக்கும் என்று கேட்க அருண்பாண்டி வாயைத் திறந்தான். மாரீஸ்வரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான்.

மூன்றாவது மெஸ், ஆனைக்கரைக் கடைத்தெருவின் கோடியில் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. மிளகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிகிற வாசனைதான் பலகை. ஈஸ்வரமூர்த்தி இறங்க மாட்டேன் என்றார். விரதக்காரன், கவுச்சி வாடை ஆகாது என்று சொல்லித் துண்டைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு சீட்டில் சரிந்தார். அவர் செல்போனை மாரீஸ்வரி கையோடு எடுத்துக்கொண்டாள்.

மெஸ்காரி செல்வப்பிரியா தோசைக்கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினாள். மாரீஸ்வரி காட்டிய கௌசிக்கின் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இந்தப் பையன் வரலக்கா. நேத்து ஒண்ணேகாலுக்கா? அப்ப எட்டுப் பேருதான். ஏழு பேரு தெரிஞ்ச ஆளுக. இன்னொருத்தரு வயசானவரு. அவர மறக்க முடியுமாக்கா? நாட்டுக்கோழி வறுவல் ரெண்டு பிளேட்டு வாங்கி அழுதுக்கிட்டே தின்னாரு.”

“காரமா?”

“நானும் அப்படித்தான் நெனச்சுத் தண்ணி குடுத்தேன். அது இல்ல. ஒவ்வொரு துண்டையும் வாயில வைக்கிறதுக்கு முன்னாடி ‘மன்னிச்சுக்க தாயே, மன்னிச்சுக்க தாயே’ன்னு சொல்லுறாரு. நான் என்னத்தக்கா மன்னிக்கிறது? சாயந்திரம் மறுபடி வந்து மறுபடி அழுதாரு. அழுகையக் கேட்டுப் பக்கத்து டேபிள்காரன் எந்திரிச்சுப் போயிட்டான்.”

மாரீஸ்வரி செல்போனைப் பார்த்தாள். புள்ளி மாறியிருந்தது. மெஸ்ஸுக்குள் இல்லை. வெளியே ரோட்டோரம் நின்றது.

“நடடா” என்றாள். இருவரும் மெஸ்ஸின் பின்வாசல் வழியாக வெளியேறி, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரைத் தாண்டி, கிறிஸ்தவத் தேவாலயத்துப் படிக்கட்டுவரை நடந்தார்கள். அரை கிலோமீட்டர் இருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்து பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். புள்ளி ரோட்டோரத்தை விட்டு நகரவில்லை.

“நம்மள விட்டுட்டானே! களைச்சுட்டானா?” என்றான் அருண்பாண்டி.

“ஏழாம் நம்பருக்கு நேரா ஒரு போன் நம்பர் இருக்கு. உன் போன்ல கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.”

ஒரு பெண் குரல் எடுத்தது. கௌசிக்கின் அம்மா பழனாத்தாள். பின்னால் உடுக்கைச் சத்தம் கேட்டது. மாரீஸ்வரி தன் பெயரைச் சொல்லி, காப்பு விஷயமாக விசாரிக்கிறேன் என்றாள். யார் சொல்லி விசாரிக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை.

“எம் பையன் இந்தா, எங் கண்ணு முன்னாலயே உக்காந்திருக்கானுங்க. ஒம்பது நாளா இந்த மண்டபத்தை உட்டு நகரலீங்க. போன வருசம் பைக்குல உழுந்து காலு ரெண்டா ஒடஞ்சு போச்சு. உள்ள கம்பி வெச்சிருக்குது. நடந்தான்னா காப்புக் கட்டி நெருப்புப் பூவோடு எடுக்க வெக்கறன்னு தாயிகிட்ட வேண்டுனனுங்க. நடந்துட்டான். இப்பப் போயி பாதியில காப்பை அறுத்தாங்கன்னா…” குரல் உடைந்தது. “குடுத்த காலைத் தாயி திருப்பிக் கேட்டா நான் என்ன பண்ணுவனுங்க?”

 அருண்பாண்டிக்கு அந்தக் கமிட்டியின் மேல் கோபம் கோபமாக வந்தது.

“அழாதீங்கம்மா. பையனுக்கு நாட்டுக்கோழி பிடிக்குமா?”

“முட்டை வாடை அடிச்சாலே வாந்தி எடுப்பானுங்க. மூணு வயசுல இருந்தே. அதைச் சொன்னா, அந்தக் கோகுல்நாத்து போனைக் காட்டறான். உம் மகன் கறிக்கடையா ஏறி எறங்கறான்ங்கறான். அவனே எதுக்க உக்காந்திருக்கானேப்பான்னா, உடம்பு இங்க இருக்குது, உசுரு எல்லை தாண்டிப் போயிருச்சுங்கறான்.”

“அது எப்படிம்மா போகும்?”

“எங்க தலைவருக்குப் போயிருக்குதுங்களே! அவரு மூணு நாளா தோட்டத்துச் சாளை ஊட்டுல கதவைச் சாத்திட்டு மௌன விரதம் இருக்காருங்க. ஆனா அவரு ஒண்ணாம் நம்பரு ராவும் பகலும் கோயில்லயே நிக்குது. உடம்பு சாளையில, உசுரு சன்னதியிலன்னு ஊரே கும்புடுது. தலைவருக்குன்னா அது அருளுங்க. எங்களுக்குன்னா குத்தமுங்க.”

அருண்பாண்டி ஜீப்பை விட்டுவந்த திசையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே மௌன விரதம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் சரிந்து கிடக்கும்.

“எங்க கோயில் காளையும் அப்படித்தானுங்க” என்று பழனாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். “தெனமும் சாயங்காலம் பொள்ளாச்சி போயிட்டு வருது. மணிக்கு அம்பது கிலோமீட்டர் வேகத்துல. சந்தையில ஆரோ பாத்தேன்னு கூடச் சொல்றாங்க.”

மாரீஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். “அம்மா, ஒண்ணே ஒண்ணு. அன்னிக்குக் காப்பை எப்படிக் கட்டினாங்க?”

“எப்பவும் கட்டற மாதிரிதானுங்க. எல்லாத்தையும் ஒரே தாம்பாளத்துல போட்டு, மஞ்சளைக் கொழச்சுப் பூசி, தாயி காலடியில வெச்சுக் கலக்கி எடுத்து, பூசாரி கண்ணை மூடிட்டுக் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டுவாருங்க. ஆருக்கு எதுன்னு தாயிதான முடிவு பண்ணோணும்?”

“நம்பர் போட்டிருக்கே, அது?”

“அது மேலதான் அரை இஞ்சுக்கு மஞ்சள் இருக்குதுங்களே. நோம்பி முடியற வரைக்கும் அதைக் கழுவக் கூடாதுங்க.”

மாரீஸ்வரி சிரிக்க ஆரம்பித்தாள். தேவாலயத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, ஏலக்காய் ஸ்டோரிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கொழுந்து நிறுத்த காலத்திலிருந்து அவளை அறிந்த அருண்பாண்டி, சாக்குக்குள் கல் அகப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டான்.

“லிஸ்ட்டு எழுதினது கமிட்டி. கட்டினது அம்மன். ரெண்டு பேரும் பேசிக்கலடா பாண்டி. யார் கையில எந்த நம்பர் இருக்குன்னு அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது.”

ஜீப்பின் பின்கதவைத் திறந்தபோது மணி நாலேகால்.

“ஆள் கிடைச்சுட்டானுங்க” என்றாள் மாரீஸ்வரி.

ஈஸ்வரமூர்த்தி துண்டை விலக்கி நாலு பக்கமும் பார்த்தார். “எங்கீங்க?”

“சட்டைக் கையை மடிச்சு விடுங்க.”

“குளுருதுங்க அம்மிணி.”

வியர்வை அவர் நெற்றி நீற்றைக் கரைத்துக் கோடாக இறக்கிக்கொண்டிருந்தது. அருண்பாண்டி வலது கைப் பட்டனைத் தானே கழற்றினான். மணிக்கட்டில் காய்ந்து வெடித்த மஞ்சளோடு தடித்த ஒரு வளையம்.

“தலைவரும் கட்டினாத்தான மத்தவன் கட்டுவான்” என்றார் ஈஸ்வரமூர்த்தி முனகலாக. “ஆனா இது ஒண்ணாம் நம்பருங்க. இது எல்லை தாண்டல. போன்ல பாருங்க, கோயில்லதான் நிக்குது. கேட்டா மெஷினு ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்னுதான் பஸ் ஏறினனுங்க. பாத்தா, அது தாண்டவே இல்ல. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. தாயே எனக்குக் காவலா நின்னு மறைக்கறான்னு தெரிஞ்சுக்கிட்டன்.”

“எதுக்கு வந்தீங்க?”

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னதைக் கேட்க அருண்பாண்டிக்கே பாவமாக இருந்தது. “ஆறு நாளு கஞ்சியும் மோருமுங்க. எங்க ஊட்ல ஒரு நாளு கவுச்சி இல்லாம இருந்ததில்லீங்க. ஆறாம் நாளு ராத்திரி சாப்பாட்டு எலையில கோழி நடக்கற மாதிரி கண்ணுல தெரிஞ்சுது. ஊருக்குப் பக்கத்துல தின்னா ஆராச்சும் பாத்துருவாங்க. இங்க எனக்கு ஏலத்தோட்டம் ஒண்ணு இருக்குதுங்க, கடையெல்லாம் தெரியும். ரெண்டு நாளு தின்னுட்டு ஓடிரலாம்னு வந்தன். மொத மெஸ்ஸுல உக்காந்து போனைத் தொறந்தா, இந்தக் கௌசிக்குப் பய எனக்குப் பக்கத்து எலையில நிக்கறான்! ஆளைக் காணோம். அதுல இருந்து போற எடமெல்லாம் வர்றானுங்க.”

மாரீஸ்வரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் மணிக்கட்டில் ஊற்றிக் கட்டைவிரலால் தேய்த்தாள். அவர் “கழுவக் கூடாதுங்க!” என்று கத்தினார். மஞ்சள் கரைந்து ஓடியது. கறுப்பு வளையத்தில் வெள்ளை எழுத்தாக 7 தெரிந்தது.

ஈஸ்வரமூர்த்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது என்ற கையாச்சே?”

“கை உங்களுதுதான். தாம்பாளத்துல கலக்கி எடுத்தப்ப நம்பர் மாறிப்போச்சு. ஒண்ணாம் நம்பர் கோயில்ல உக்காந்திருக்கிற கௌசிக் கையில இருக்கு.”

“அப்ப அவன் எம் பின்னால வரலீங்களா?”

“இல்லீங்க. மூணு நாளா உங்க பின்னால நீங்கதான் வந்துக்கிட்டு இருக்கீங்க.”

அவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது. “அப்ப ஆரும் என்னைப் பாக்கல! தாயே, காப்பாத்திட்ட!” என்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். ஏழாம் நம்பரும் சேர்ந்து மேலே போனது.

“மணி நாலரை” என்றாள் மாரீஸ்வரி. “அஞ்சு மணிக்கு அந்தப் பையன் காப்பை அறுக்கப் போறாங்க.”

“சின்னப் பையனுங்க. தாங்கிக்குவான். அடுத்த வருசம் நானே முன்ன நின்னு…”

“அவன் தாங்கிக்குவான். அவங்க அம்மா தாங்குவாங்களா?” முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. “பெத்த பிள்ளைக்குக் கால் போயிரும்னு ஒரு பொம்பள அங்க உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. உங்களுக்கு வறுவலுக்கு வழி கிடைச்சா போதும், இல்ல?”

“சேட்டிலைட்டு தப்பாக் காட்டிருச்சுன்னு சொல்லீரலாமுங்களே?”

“மத்தியானம் நீங்கதானே சொன்னீங்க, வானத்துல இருந்து பாக்கறது ஏமாறாதுன்னு? அது சரியாத்தான் பாத்திருக்கு. எல்லை தாண்டின ஆளைப் புடிச்சுத் தரச் சொல்லி என்னை வெச்சதும் நீங்கதான். புடிச்சாச்சு. படிவத்துல கமிட்டிக்காகன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரிப்போர்ட் கமிட்டிக்குத்தான் போகும். நான் சொன்னா அது ரிப்போர்ட். நீங்களே சொன்னா, திரும்பிப் போய் அந்த ஊருக்குள்ள நடக்க உங்களுக்கு ஒரு முகமாவது மிஞ்சும்.”

ஈஸ்வரமூர்த்தி செல்போனை வாங்கினார், வைத்தார், மறுபடி எடுத்தார். நாலே முக்காலுக்குக் கோகுல்நாத்தைக் கூப்பிட்டார்.

“தலைவருங்களா! மௌனம் கலைஞ்சிருச்சுங்களா?” கோகுல்நாத்தின் குரல் பக்தியில் நடுங்கியது. பின்னால் கூட்டம் ‘தலைவர், தலைவர்’ என்றது. “நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. காப்பு அறுக்கக் கத்தியெல்லாம் ரெடியா வெச்சிருக்குதுங்க.”

“அறுக்காதீங்க” என்றார் ஈஸ்வரமூர்த்தி.  “அந்தப் பையன் காப்பைத் தண்ணி ஊத்திக் கழுவிப் பாருங்க. ஒண்ணாம் நம்பர்னு இருக்கும்.”

கழுவக் கூடாது என்று ஒரு குரல், தலைவர் வாக்கு என்று ஒரு குரல். சற்று நேரம் ஒரே இரைச்சல். பிறகு கோகுல்நாத் வந்தான். “ஒண்ணுதானுங்க! அப்ப ஏழாம் நம்பரு ஆருகிட்டங்க?”

ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். “எங்கிட்டடா. எல்லை தாண்டினது நாந்தான். கறி தின்னதும் நாந்தான். நான் சாளையில இல்ல. ஆனைக்கரைல இருக்கறன்.”

அந்தப் பக்கம் உடுக்கைச் சத்தம் நின்றது.

யாரோ எல்லாருடைய காப்பையும் கழுவச் சொன்னார்கள். குடங்கள் உருளுகிற ஓசை கேட்டது. ஒவ்வொரு நம்பராகச் சொல்லிக்கொண்டு வந்த கோகுல்நாத் ஓரிடத்தில் நிறுத்தி, “பூசாரி மட்டும் கை கழுவ மாட்டேங்கறாருங்க” என்றான். “காளையோட நம்பரைத்தான் இன்னும் காணோம்.”

“தெனமும் பொள்ளாச்சியில யாரைப் பாக்கப் போறாருன்னு அவரையே கேளுங்க” என்று அருண்பாண்டி ஸ்பீக்கரில் குரல் கொடுத்தான்.

அந்த ரகளைக்கு நடுவில் போன் கை மாறியது. பழனாத்தாளின் குரல் வந்தது. அழுகை இல்லை. அக்கம்பக்கம் கேட்கிற மாதிரித் தெளிவாகப் பேசினாள்.

“தலைவருங்களா? எம் பையன் கையில கத்தி வெக்கப் பாத்தாங்க. நீங்க சொன்னதால நின்னுச்சு. அதுக்கு உங்களைக் கும்புடறனுங்க. ஆனா தாண்டின எல்லையைத் திரும்பத் தாண்டி வந்து, தாயிகிட்ட நின்னு, இதையே எம் பையன் மொகத்தைப் பாத்துச் சொல்லோணும். பஸ் ஏறுங்க.”

“ஏறிடறன் ஆத்தா.”

“ஏழாம் நம்பரை இனி ஊரே பாத்துட்டு இருக்கும். பிள்ளைக எல்லா போன்லயும் ஏத்திட்டு இருக்குதுக. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பாப்போம். வழியில எங்கியும் நிக்காம வாங்க.”

போன் அடங்கியது. ஈஸ்வரமூர்த்தி சட்டைக் கையை இறக்கிப் பட்டன் போட்டுக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, பட்டனைக் கழற்றி மறுபடி மடித்துவிட்டார். மாரீஸ்வரி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அருண்பாண்டி வண்டியைக் கிளப்பினான்.

மெஸ் வாசலில் செல்வப்பிரியா நின்றாள். அவரை அடையாளம் கண்டுகொண்டு, “ஐயா, இப்பத்தான் வறுவல் இறக்கினேன்!” என்று கரண்டியை ஆட்டினாள்.

“ஓட்டுங்க தம்பி, ஓட்டுங்க!” என்று ஈஸ்வரமூர்த்தி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

குமுளி பஸ் ஸ்டாண்டில் அவருக்கு ஜன்னலோர சீட்டுக் கிடைத்தது. கம்பம், தேனி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று வழியில் வருகிற ஊர்களை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த பஸ் தேனியில் சாப்பாட்டுக்கென்று அரை மணி நேரம் பிரியாணிக் கடை வாசலில் நிற்கும் என்பதை அவரிடம் சொல்ல அருண்பாண்டிக்கு மனசு வரவில்லை.